மணிக்கட்டுப் பிடி

போன ஞாயிற்றுக்கிழமை மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தரையில்தான் உட்காருவேன், வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு. மடக்கினால் மடங்கும். ஆனால் திரும்ப நீட்டும்போது துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுவது போல ஒரு சத்தம் வரும். கூடத் தங்கியிருக்கும் நண்பருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. அதனால் நீட்டியே வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்கள். பதினேழாவது தாளிலோ பதினெட்டாவது தாளிலோ தற்செயலாகக் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. வயிறு சிவந்து உருண்டிருந்தது. ரொம்ப நேரமாகக் குடித்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடிக்கத் தோன்றவில்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டு, தாழ்வாகப் பறந்து, திருத்தாத தாள்களின் மேல் போய் இறங்கியது.

அந்த இடம் மரத்துப்போய் ஆறேழு வருடம் ஆகிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நான் இதைச் சொன்னபோது டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "தோலுக்குப் போற சின்ன நரம்பு ஒண்ணு வெட்டுப்பட்டுடும் தம்பி. நடக்கறதுக்கு ஒண்ணும் ஆவாது. அந்த எடம் மட்டும் மரத்தாப்ல இருக்கும், பழகிடும்" என்றார். பழகிவிட்டது. தஞ்சாவூர்க் கொசுக்களுக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது, நேராக அங்கேதான் வருகின்றன.

கபடி ஆடியவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த முறை பார்க்கும்போது கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். ஐந்து விரலும் ஒரே பக்கம் பார்க்காது. என் வலது ஆள்காட்டி விரல் நுனியில் இடப்பக்கம் திரும்பியிருக்கும். கரும்பலகையில் மூன்றாவது கணக்கைச் சுட்டினால் அது இரண்டாவது கணக்கைக் காட்டும். ஒருநாள் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சாருக்கு வாயி ஒண்ணு சொல்லுது, வெரலு ஒண்ணு சொல்லுதுடா" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததில் முன்பல் பாதி இல்லாதது தெரிந்து இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள்.

விரல் போனது பட்டுக்கோட்டைப் பக்கம். பல் போனது மன்னார்குடிப் பக்கம். இடது காது மடிந்து தடித்தது எங்கள் நன்னிலத்திலேயே. என் உடம்பை விரித்து வைத்தால் ஒரு பஸ் ரூட் மாதிரி ஊர் ஊராகப் படித்துக்கொண்டு போகலாம். இதையெல்லாம் ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. கேட்டால் சொல்வேன்.

எங்கள் பக்கம் ஆட்டம் என்றால் அறுவடை முடிந்த வயல்தான். தாள்கட்டையை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, நாற்பது ஐம்பது பேர் மிதித்து இறுக்கிக் கோடு போடுவார்கள். விழுந்தால் முழங்கை தேய்ந்து சதை தெரியும். பேராவூரணிப் பக்கம் அப்படியில்லை. அங்கே தென்னை நார்த்தூளை லாரியில் கொண்டுவந்து கொட்டி, மெத்தை மாதிரி நிரவி வைத்திருப்பார்கள். ஈர நார்த்தூளுக்கு ஒரு வாசனை உண்டு, மழையில் நனைந்த கயிற்றுக்கட்டில் போல. அதோடு எங்கள் கேப்டன் துரை அண்ணன் எல்லோர் மேலும் அடிக்கிற வலி மருந்து ஸ்பிரேயின் வாசனையும் சேர்ந்துகொள்ளும். அந்த டப்பாவைத் திருநீற்றுப் பை மாதிரி இடுப்பிலேயே வைத்திருப்பார். அடித்தால் அந்த இடம் சில்லென்று மரத்துப்போகும், அடுத்த ஆட்டத்துக்கு நிற்கலாம். நார்த்தூளில் விழுந்தால் அடிபடாது என்று நாங்கள் நம்பினோம். அது தோலுக்கு மட்டும்தான் பொருந்தும்.

குமரேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு வருடம் தவறி எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தவன். என்னைவிட ஒரு வயது மூத்தவன், அரை அடி உயரம் கூட. ஒரே தெரு. அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றாக நடவுக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் நான் பதினொன்றில் சேர்ந்த அன்றைக்கே குமரேசன் எனக்கு 'வாத்தியார்' என்று பேர் வைத்தான். கிண்டலுக்குத்தான். பிறகு நான் நிஜமாகவே வாத்தியார் ஆனேன். அவன் கூப்பிடுவதை மாற்றவில்லை. இப்போது அதில் கிண்டல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் இருவரும் செயின். கபடி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: பாடி வருகிறவனைத் தனியாளாகப் பிடிப்பது ஒரு வகை, இரண்டு பேர் கை கோத்துக்கொண்டு சங்கிலியாக நின்று அவனை வளைப்பது இன்னொரு வகை. இடது ஓரத்தில் குமரேசன் நிற்பான், அவனுக்குப் பக்கத்தில் நான். அவனுடைய வலது கையும் என்னுடைய இடது கையும் கோத்திருக்கும். பாடி வருகிறவன் குமரேசனின் காலைத் தொட எட்டினால் நான் சுற்றிக்கொண்டு வருவேன். சங்கிலி அவன் இடுப்பில் விழும். அவன் திரும்பி நடுக்கோட்டைப் பார்த்து இழுப்பான். அந்தச் சில நொடிகளுக்குக் கை பிரியக் கூடாது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

ஒரு முறை பிரிந்தது. நன்னிலத்தில் ஒரு கடைசி ஆட்டம், எதிரணியின் கடைசிப் பாட்டு. வேர்வையில் உள்ளங்கை வழுக்கி, கை தனித்தனியாக வந்துவிட்டது. பாடி வந்தவன் கோட்டைத் தொட்டான், நாங்கள் தோற்றோம். துரை அண்ணன் கூட்டத்துக்கு நடுவிலேயே கத்தினார்.

"என்னடா புடி அது? கல்யாணத்துல பொண்ணு கையப் புடிக்கிறவன் கூட இதவிட இறுக்கிப் புடிப்பான்டா!"

"அவன் உடல, என் கைதான் வேர்த்து நழுவிடுச்சு" என்று குமரேசன் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டான். உண்மையில் யாருடைய வேர்வை என்று யாருக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் தூங்காமல் யோசித்ததன் பலன்தான் மணிக்கட்டுப் பிடி. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் உராய்வு என்று ஒரு பாடம் வந்திருந்தது. நோட்டில் இரண்டு படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன்.

"வேர்வ உள்ளங்கையிலதான் ஊறும். மணிக்கட்டுல ஊறாது. நீ என் மணிக்கட்டப் புடி, நான் ஒன் மணிக்கட்டப் புடிக்கிறேன். ரெண்டு பூட்டு. ஒண்ணு நழுவுனாலும் இன்னொண்ணு நிக்கும்."

குமரேசன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எதுலடா இருக்கு இதெல்லாம்?"

"பிசிக்ஸ்ல."

"அவ்ளோ தெரிஞ்ச ஒங்க பிசிக்ஸ் சாரு ஏன்டா அன்னைக்கு சைக்கிளோட வாய்க்கால்ல கெடந்தாரு?"

சொல்லிவிட்டுக் கையை நீட்டினான். அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர் எங்களை இழுத்துப் பார்த்தார்கள். அவிழவில்லை. துரை அண்ணனும் தொங்கிப் பார்த்துவிட்டு, "படிச்சவன் படிச்சவன்தான்யா" என்றார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் எங்களிடமிருந்து யாரும் அவிழ்த்துக்கொண்டு போனதில்லை. வெளியூர் ஆட்களுக்கு எங்கள் பேர் தெரியாது. 'பூட்டுக்காரனுவ' என்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த வருடம் குமரேசன் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறினான். பத்தாம் வகுப்பில் தவறியவன் தேறியது எங்கள் தெருவுக்கே நம்ப முடியாத சேதியாக இருந்தது. அடுத்து உடல் திறன் தேர்வு. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், கயிறு ஏற வேண்டும். ஓட்டமும் தாண்டுவதும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. கயிறுதான் புதிது. வாய்க்கால் ஓரத்துப் புளியமரத்தில் வடக்கயிறு ஒன்றைக் கட்டி, தினமும் காலையில் கையாலேயே ஏறி இறங்குவான். அவன் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை நடவுக்குப் போகிற வழியில் நின்று, "எறங்குடா, உழுந்து வைக்கப் போற" என்பார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்பார்கள்.

"ஏம்ப்பா, அந்தக் காக்கித் துணி அவங்களே குடுப்பாங்களா, நாம எடுத்துத் தைக்கணுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவர்களே கொடுப்பார்கள் என்று சொன்னேன்.

அந்தத் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது பேராவூரணிப் பக்கம் ஒரு அறுபது கிலோ போட்டி அறிவித்தார்கள். எடைப் பிரிவுப் போட்டி. அறுபது கிலோவுக்கு மேல் ஒருவனும் இருக்கக் கூடாது. அந்தப் போட்டிக்கு ஒரு கல்லூரியிலிருந்து உடற்பயிற்சி ஆசிரியர் வருகிறார், பிடித்துப்போனால் விளையாட்டுப் பிரிவில் சீட், விடுதி இலவசம், ஃபீஸ் இல்லை என்று துரை அண்ணன் சேதி கொண்டுவந்தார். என் மதிப்பெண்ணுக்கு சீட் கிடைக்காமல் இல்லை. கட்டணம் கட்டத்தான் பணம் கிடைக்காது. அப்பா அந்த வருடம் ஏற்கெனவே திருப்பூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தார்.

நான் புளியமரத்துக்குப் போனேன். குமரேசன் கயிற்றில் பாதியில் இருந்தான். அங்கிருந்தே பேசினான்.

"நான் ஆடலடா. இது இருக்குல்ல."

"ஒரே ஒரு நாளுடா."

"வேற ஆளப் போட்டுக்க."

"வேற ஆளோட எனக்கு வராது. செயின்ல நான் பாதிதான். பாதியப் பாத்துட்டு எவன்டா சீட்டு தருவான்?"

அவன் இறங்கினான். கையில் கயிற்றுத் தும்பு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே நின்றான். என்னால் அப்போது கிளம்பிப் போயிருக்க முடியும். போகவில்லை. கடைசியில் அவன், "நான் அறுபத்திரண்டர இருக்கேன்டா" என்றான். சம்மதித்துவிட்டான் என்று அர்த்தம்.

எடை குறைப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் ஓடுவது. மூன்று நாள் சோறு கிடையாது, கடைசி நாள் தண்ணீரும் கிடையாது. வாயில் புளியைப் போட்டு அடக்கிக்கொண்டு, ஊறுகிற எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பது. பேராவூரணி பஸ்ஸில் குமரேசன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் வைத்து வழி நெடுகத் துப்பிக்கொண்டு வந்தான். கண்டக்டர், "என்ன தம்பி, புள்ளத்தாச்சியா?" என்றார். அவனுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை.

அங்கே எடை பார்த்தது நெல் வியாபாரி ஒருவருடைய மூட்டைத் தராசில். அறுபது கிலோவும் நூறு கிராமும் காட்டியது. எடை பார்த்தவர், "மசுர எடுத்துட்டு வாப்பா" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். துரை அண்ணன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்துக் கொண்டுவந்தார். தராசு அறுபதில் நின்றது. இறங்கியதும் குமரேசன் இரண்டு சோடாவை ஒரே மூச்சில் குடித்தான். குடித்தது உடம்பில் ஏற நேரம் வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எனக்குக்கூட. அது நான் படித்த பாடத்தில் வரவில்லை.

மூன்று ஆட்டம் ஜெயித்தோம். சாயங்காலம் கடைசி ஆட்டம், உள்ளூர் அணியோடு. கல்லூரிக்காரர் மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி. நான் அந்தத் தொப்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடினேன். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருந்தது. பாடி வந்தவன் நல்ல வலு உள்ளவன். தென்னை ஏறுகிறவன் என்று பிறகு சொன்னார்கள். குமரேசனின் காலைத் தொட எட்டினான், நான் சுற்றினேன், சங்கிலி அவன் இடுப்பில் விழுந்தது. அவன் திரும்பி நடுக்கோட்டைப் பார்த்து மொத்தப் பலத்தையும் போட்டுப் பாய்ந்தான். குமரேசனுக்குக் கால் சறுக்கி, முழங்கால் நார்த்தூளில் புதைந்துவிட்டது. நான் இந்தப் பக்கம் குதிகாலை ஊன்றி இழுத்தேன். நடுவில் குமரேசனின் கை. கோட்டுக்கும் அந்தத் தென்னை ஏறுகிறவன் விரலுக்கும் ஒரு சாண் இருந்தது.

என் உள்ளங்கையில் ஒரு தட்டல் வந்தது. ஓசை இல்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் அந்தக் கையில் எதிர் இழுப்பு இல்லை. மூட்டையின் வாய்க்கட்டு அவிழ்ந்தது போல நீளமாக, லேசாக ஆகிவிட்டது. அப்போதும் பிடி விடவில்லை. என் பிடியும் விடவில்லை, அவன் பிடியும் விடவில்லை. விசில் ஊதினார்கள். பாயிண்ட் எங்களுக்கு.

துரை அண்ணன் ஓடிவந்தார். குமரேசனை மல்லாக்கப் போட்டு, அவன் அக்குளில் காலை வைத்து, கையைப் பிடித்து இழுத்தார். கழன்ற தோள் உள்ளே போய் உட்கார்ந்தது. ஸ்பிரேயில் மிச்சமிருந்ததை எல்லாம் அடித்தார். "சேந்துடுச்சு, எந்திரி. இன்னும் நாலு பாட்டுதான்." குமரேசன் எழுந்தான். வலது கையை பனியனுக்குள் விட்டுக்கொண்டு அதே ஓரத்தில் போய் நின்றான். நாங்கள் ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் அவனுக்கு ஒரு கைதான் தெரியும்.

தொப்பிக்காரர் என்னைக் கூப்பிட்டார். எந்தத் தேதியில் மதிப்பெண் பட்டியலோடு வர வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். "நல்ல கிரிப் தம்பி" என்றார்.

பஸ்ஸில் குமரேசன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். "என்னடா சொன்னாரு?"

"சீட்டு கெடச்ச மாரிதான்."

"அப்ப சரி" என்றான். மொட்டைத் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிவிட்டான். ஸ்பிரே வேகம் இன்னும் இருந்தது போல.

வீட்டில் அத்தை மொட்டையைப் பார்த்து எந்தச் சாமிக்குடா என்று கேட்டார்கள். ஏதோ ஒரு கோயில் பேரைச் சொன்னான். கையைக் கேட்டதற்கு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன் என்றான். நானும் ஆமாம் என்றேன். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டுப் போட்டார்கள். தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

கல்லூரியில் முதல் நாள் பயிற்சியில் அதே தொப்பிக்காரர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்ன முதல் விஷயம் செயின் பிடிப்பதைப் பற்றித்தான். "உள்ளங்கையோட உள்ளங்கை. மணிக்கட்ட எவனும் புடிக்கக் கூடாது. உள்ளங்கை நழுவும். நழுவட்டும். ஒரு பாயிண்ட் போவும், அவ்ளோதான்." எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையாட்டினேன், புதிதாகக் கேட்பவன் போல.

அந்த வாரம்தான் குமரேசனுக்குத் தேர்வு. மதியம் விடுதி போனுக்குக் கூப்பிட்டான்.

"மூணு புடி ஏறுனேன்டா. நாலாவது புடிக்கு கைய மேல தூக்குறேன், தோளு கழண்டுகிச்சு. கீழ வந்துட்டேன்."

"வலிக்குதா?"

"இல்ல. அங்க ஒருத்தரு போட்டுவுட்டாரு."

"அடுத்த தடவ பாத்துக்கலாம்டா."

"ம். நீ சாப்டியா?"

அன்றைக்கு விடுதியில் முட்டை போடும் நாள். வரிசை நீளமாக இருக்கும் என்பதால் போனை வைத்துவிட்டுப் போய் நின்றேன். அந்த முட்டையைச் சாப்பிட்டேன் என்பதும் நினைவிருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நடந்தது, எழுதுகிறேன்.

அடுத்த தடவையும் அவன் போனான். ஒவ்வொரு தடவையும் கழன்ற தோள் முன்னைவிடச் சுலபமாகக் கழன்றது. கடைசியில் சட்டை மாட்டும்போதே கழன்றது. அதோடு விட்டுவிட்டான்.

என் முழங்கால் போனது இரண்டாம் வருடத்தில். அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. திரும்பினேன், உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஆபரேஷன் முடிந்து, ஆட முடியாது என்றான பிறகும் நல்ல மனிதர் அந்தத் தொப்பிக்காரர் எனக்கு சீட் போகாமல் பார்த்துக்கொண்டார். நான் பட்டம் வாங்கினேன், பி.எட். முடித்தேன், வாத்தியார் ஆனேன். என் முழங்காலுக்கும் குமரேசனின் தோளுக்கும் சரியாகப் போய்விட்டது என்று கொஞ்ச நாள் நினைத்துப் பார்த்தேன். போகவில்லை. இரண்டும் தனித்தனி மூட்டுகள்.

ஒன்றை விட்டுவிட்டேன். இந்தக் கதையைக் கல்லூரியிலும் ஆசிரியர் அறையிலும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தை விட்டுவிடுவேன். அந்தத் தட்டலுக்கு முன்னால், தென்னை ஏறுகிறவன் கோட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தபோது, குமரேசன் "உடுடா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அவனுடைய பிடியைத் தளர்த்தினால் மட்டும் போதாது. என் பூட்டு அவன் மணிக்கட்டில் இருந்தது, நானும் விட வேண்டும். சுற்றி ஒரே கூச்சல். காதில் விழவில்லை என்று சொன்னால் யாராக இருந்தாலும் நம்புவார்கள். என் காது அவன் வாயிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. விழுந்தது. தொப்பியைப் பார்த்தேன், விடவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். நாங்கள் பழகிய வெளியில் இப்போது நெல் கொள்முதல் நிலையம். சிமென்ட் களம் போட்டிருக்கிறார்கள். எங்கள் நடுக்கோடு இருந்த இடத்தில் தார்ப்பாய் மூடிய நெல் அம்பாரம். துரை அண்ணன் மலேசியா போய்விட்டார். அணி என்று ஒன்று இல்லை. குமரேசன் அங்கேதான் இருக்கிறான். மூட்டை தூக்க முடியாது, அதனால் சாக்கு தைக்கிறான். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தைக்கிறான். வேகமாகத்தான் தைக்கிறான்.

"வா வாத்தியாரே. லீவா?"

"ஞாயித்துக்கெழம."

"எங்களுக்கு ஏது ஞாயிறு. ஈரப்பதம் கூடன்னு அஞ்சு நாளா நெல்லப் போட்டுட்டு நிக்கிறாங்க. இரு, இத முடிச்சுட்டு சாப்புட போவலாம்."

அத்தை மீன் குழம்பு வைத்திருந்தார்கள். என் தட்டில் ஊற்றிக்கொண்டே, "ஒனக்குக் காலு எப்படிப்பா இருக்கு?" என்றார்கள்.

"பரவால்ல அத்த."

"இவனுக்குத்தான் அந்தப் பஸ்ஸுல விழுந்ததுலேருந்து கையே சரியில்லாம போச்சு. அந்த டிரைவரு நல்லாவே இருக்க மாட்டான். நிறுத்தி எறக்குனா என்னவாம்?"

குமரேசன் முள் எடுத்துக்கொண்டிருந்தான். நானும் முள் எடுத்தேன். அந்த மீனில் அவ்வளவு முள் இல்லை.

சாப்பிட்டு முடிந்ததும் பஸ் ஏற்றிவிட வந்தான். வாய்க்காலைத் தாண்டிப் போகிற மதகைப் புதிதாகக் கட்டுகிறார்கள், பழையதை இடித்துப் போட்டிருக்கிறது. சுற்றிப் போனால் நேரமாகும், பஸ் போய்விடும். வாய்க்காலில் இறங்கி எதிர்க்கரை ஏற வேண்டும். முழங்கால் அளவுதான் தண்ணீர். குமரேசன் இறங்கி, ஏறி, அக்கரையில் நின்றான். நான் இறங்கிவிட்டேன், ஏற முடியவில்லை. கரை வழுக்கியது. வலது காலை ஊன்றி எழும்ப எனக்கு வராது.

அவன் குனிந்து இடது கையை நீட்டினான். எதுவும் ஆகாத கை.

நான் யோசிக்கவில்லை. பழக்கத்தில் என் கை போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

அவன் சட்டென்று உதறினான். கோபம் என்று இல்லை, சுடு பாத்திரத்தில் பட்ட கை பின்னால் போவது போல. நான் சறுக்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். வேட்டி நனைந்தது. பிறகு திரும்ப அதே கையை நீட்டினான், விரல்களை மட்டும் மடக்கி, கொக்கி மாதிரி.

"வெரலப் புடி, வாத்தியாரே."

பிடித்தேன். சேற்று விரல்கள். வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு முறை முழுக்க நழுவியது. மறுபடி கொடுத்தான், மறுபடி பிடித்தேன். எப்படியோ ஏறி வந்துவிட்டேன்.

ஏறியதும் அவன்தான் முதலில் விட்டான்.